என்ஜின் பலம் மட்டுமே சரக்கல்ல

நகர்த்தல்களைக் கணக்கிடும் செஸ் என்ஜினான ஸ்டாக்ஃபிஷ் இலவசமாகக் கிடைக்கும்போது செஸ் மென்பொருளைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள் என்று கேட்கிறார்கள். எல்லோரும் என்ஜினின் பலத்தைத்தான் வாங்குகிறார்கள் என்ற அனுமானத்தில் எழும் கேள்வி இது. அந்த அனுமானமே பிழை.

1985-இல் ஹாம்பர்க் செஸ் அணியின் எட்டுப் பேரோடு ஒரே நேரத்தில் ஆடிய செஸ் வீரர் காஸ்பரோவ் 3.5-4.5 எனத் தோற்றார். 1987-இல் மீண்டும் அங்கே ஆடி 7-1 என வென்றார். இடையில் அவர் கைக்கு வந்தது செஸ்பேஸ் என்ற ஆட்டத் தரவுத்தளம். அது அவருக்கு நகர்த்தல் சொல்லித் தரவில்லை. எதிராளிகளின் பழைய ஆட்டங்களைத் தேடிக் கொடுத்தது. போட்டி ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் தரவுத்தளத்துக்குப் பணம் தருவது இதற்காகத்தான்.

வீட்டில் கற்பவரின் தேவை வேறு. செஸ்மாஸ்டர் என்ற மென்பொருள் அவரைப் பிடித்தது செஸ் வீரர் ஜோஷ் வெய்ட்ஸ்கினின் பாடங்களாலும், வேண்டுமென்றே பலவீனமாக ஆடும் எதிராளிகளாலும். எட்டு வயதுப் பிள்ளைக்கு உலக சாம்பியனை வீழ்த்தும் என்ஜின் எதற்கு?

பலத்தையே விளம்பரமாக்கியவர்கள் என்ன ஆனார்கள்? 2021-இல் செஸ்பேஸ் நிறுவனம் விற்ற ஃபேட் ஃப்ரிட்ஸ் 2 என்ற என்ஜின், ஸ்டாக்ஃபிஷை அடிப்படையாகக் கொண்டது. ஸ்டாக்ஃபிஷ் உருவாக்குநர்கள் உரிம மீறல் என்று வழக்குத் தொடுத்தார்கள். அந்த வழக்கு 2022-இல் சமரசத்தில் முடிந்தது.

இதற்கு மாறாக, செஸ்.காம் தளம் விற்பது பலத்தை அல்ல. அங்கே விளையாட்டு இலவசம். அளவின்றிப் பாடங்களும் ஆட்ட ஆய்வும் வேண்டுமென்றால்தான் கட்டணம்.

இலவச என்ஜின் சந்தையை அழிக்கவில்லை. தவறான வாடிக்கையாளரைத் துரத்துபவர்களுக்கு மட்டுமே அந்தச் சந்தை காலியாகத் தெரிகிறது.