காப்பியும் கைத்தையலும்

காப்பி குடிப்பதற்காக ஒரு மனிதன் அணைக்கட்டிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்தான் என்றால் நேயர்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பெண் சிரிக்கவில்லை. சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் விசித்திரமான 'கைவேலைக் காப்பி கிளப்' ஒன்று இருப்பதாக யாரோ சிநேகிதி சொன்னாளாம். சனி, ஞாயிறு விடுமுறையில் அதைப் பார்த்தே தீரவேண்டும் என்றாள். துணைக்கு ஆம்பூரிலிருந்து என் தமக்கையும் வந்து சேர்ந்தாள். அவள் வந்ததனால்தான் இந்தக் கட்டுரை. இல்லாவிட்டால் காப்பியின் விலையை இரண்டு வரி வைதுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

கிளப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. விளம்பரம் செய்ததாகவும் வேண்டாம், தூஷித்ததாகவும் வேண்டாம். உள்ளே மேஜைகளுக்கெல்லாம் பழைய தையல் மிஷின்களின் இரும்புக் கால்கள். பேசிக்கொண்டே மிதித்துக்கொண்டிருக்கலாம்; ஒன்றும் தைக்காது. விளக்குகளின் மேல் மூங்கில் கூடைகளைக் கவிழ்த்திருந்தார்கள். எங்கள் பாட்டி அரிசி புடைத்த முறத்தைப் போன்ற ஒன்று, கண்ணாடிச் சட்டத்துக்குள் ராஜாவின் படம் மாதிரி சுவரில் வீற்றிருந்தது. காப்பி சுடுமண் கிண்ணத்தில் வந்தது. நன்றாகவே இருந்தது என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

பலகார ஜாபிதாவுக்குத் தோலினால் உறை போட்டிருந்தார்கள். அதைக் கையில் எடுத்த அக்கா, என்ன பலகாரம் என்று பார்க்கவேயில்லை. விளிம்பைத் தடவினாள், மோந்து பார்த்தாள்.

"ஆட்டுத் தோல். கைத்தையல்தான். ஆனால் நடுவில் ஓரிடத்தில் நூலைத் தளர விட்டிருக்கிறார்கள்" என்றாள்.

என் தமக்கை இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 'அப்பர்' தைக்கிறாள். சைவ அன்பர்கள் திடுக்கிட வேண்டாம்! பூட்ஸில் அடிப்பாகம் நீங்கலாகக் காலை மூடும் மேல்பாகத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடுவதும் ஜோடு தைப்பதும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஜீவனம். வெட்டுவதும் ஒட்டுவதும் தொழிற்சாலையில் நடக்கும். 'மொக்காசின்' என்ற தினுசுக்கு மட்டும் முன்புறத்து மடிப்பைக் கையால் தைக்க வேண்டும். அந்த வேலை மூட்டை மூட்டையாக வீடுகளுக்கு வருகிறது. ஏஜெண்ட் கொண்டுவந்து போடுவார். தைத்து முடித்ததும் எண்ணி எடுத்துப் போவார். பிறகு ஜோடு கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விடும். எங்கள் தகப்பனாரால் ஒரு பிள்ளையைத்தான் காலேஜுக்கு அனுப்ப முடிந்தது. அது நான். நான் பரீட்சைக்குக் கட்டிய பணம் அக்காவின் தையலில் வந்தது.

கூடத்தின் கோடியில் ஒரு நீள மேஜை. "ஒரு மணி நேரத்தில் உங்கள் கையாலேயே தோல் பர்ஸ் தையுங்கள். கட்டணம் ரூ. 900" என்று பலகை தொங்கிற்று. பெண் கெஞ்சினாள், கட்டினேன். சொல்லிக் கொடுத்த வாலிபர் காலேஜில் படித்தவர், இதில் பிரியப்பட்டு வந்தவராம். மிகுந்த பொறுமைசாலி. இருந்தும் மூன்றாம் துளையிலேயே நூல் சிக்கிக்கொண்டது.

"இப்படிக் கொடு, கண்ணு" என்று அக்கா எழுந்து போனாள்.

நூல் அறுக்காமலிருக்க விரலில் சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றைச் சுற்றிக்கொள்வது அவள் வழக்கம். அங்கே அது ஏது? கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டாள். ஐந்தே நிமிஷத்தில் ஒரு பக்கம் முடிந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் படம்கூடப் பிடித்தார்.

"எங்கே கற்றுக்கொண்டீர்கள், அம்மா?" என்று வாலிபர் கேட்டார்.

"கற்றுக்கொள்கிறதாவது, தம்பி! பிழைப்பு."

"ஒரு ஜோடிக்கு என்ன கொடுப்பார்கள்?"

"பத்து ரூபாய். ஒரு நாளில் பத்து ஜோடி தைத்தால் அன்றைக்கு இடுப்பு ஒடிந்தது என்று அர்த்தம்."

வாத்தியாருக்கு மனக்கணக்கு நிற்குமா? தொள்ளாயிரம் ரூபாய் என்றால் தொண்ணூறு ஜோடி, ஒன்பது நாள். அக்காவின் ஒன்பது நாள் கூலியைக் கொடுத்து, அவள் செய்யும் வேலையை ஒரு மணி நேரம் செய்துபார்க்க என் பெண்ணுக்கு அநுமதி வாங்கியிருக்கிறேன்! வாலிபரின் முகம் சுண்டிவிட்டது. அவரைக் குறை சொல்வது தர்மமல்ல. பத்து ரூபாயை நிர்ணயித்தவர் அவரல்லவே.

அன்று காலையில்தான் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பார்த்திருந்தோம். டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் 1850-ல் ஆரம்பித்த சென்னைச் சித்திரப் பள்ளிக்கு, பிற்காலத்தில் தலைவராக இருந்தவர் ஓவியர் கே. ஸி. எஸ். பணிக்கர். படிப்பை முடித்த மாணவர்கள் பிழைக்க வழியின்றித் தவிப்பதைக் கண்டு, அவர்களைச் சேர்த்துக்கொண்டு 1966-ல் அந்தக் கிராமத்தை உண்டாக்கினார். சித்திரம் விற்காத நாளிலும் அடுப்பு எரிய வேண்டுமே! மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் 'பாட்டிக்' துணி முதலிய கைவேலைகளைச் செய்து விற்றார்கள். அந்தப் பணம் நிலம் வாங்கவும் உதவிற்று. கைவேலை அவர்களுக்கும் பிழைப்புத்தான். ஆனால் சங்கம் அவர்களுடையது. விலை சொன்னதும் அவர்கள். அங்கே ஒரு சிற்பத்தின் முன்னால் நின்று, "செய்தவர் பெயரை எழுதி வைத்திருக்கிறார்களே, தம்பி!" என்று அக்கா வியந்தாள். அப்போது அது என் காதில் சரியாக விழவில்லை.

இது நமக்குப் புதிதான விஷயமும் அல்ல. 1935-ல் மகாத்மா காந்தி, கதரின் விலை ஏறினாலும் பாதகமில்லை, நூற்கிறவளுக்கு ஜீவனத்துக்குப் போதிய கூலி கொடுத்தாக வேண்டும் என்று சர்க்கா சங்கத்தாருடன் மன்றாடினார். 1972-ல் ஆமதாபாத்தில் ஸ்ரீமதி இலா பட் 'ஸேவா' என்னும் ஸ்தாபனத்தை ஆரம்பித்து, வீட்டில் வேலை செய்யும் பெண்களும் தொழிலாளிகளே என்று வாதாடினார். 1996-ல் ஜினீவாவில் சர்வதேசத் தொழில் மகாநாடு அதையே 177-ஆவது உடன்படிக்கையாக நிறைவேற்றியது. வாதாடியவர்களில் முன்னணியில் நின்றது நம் நாட்டுப் பெண்களின் சங்கம். உடன்படிக்கையை நம் நாடு இன்னும் ஊர்ஜிதம் செய்யவில்லை. தொழிற்சாலைக்குள் தைப்பவளுக்குச் சேமநிதி உண்டு. திண்ணையில் தைப்பவளுக்கு ஏஜெண்டின் பெயர்தான் தெரியும், முதலாளியின் பெயர் தெரியாது.

திரும்பும்போது ரயிலில் பெண் பர்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் அவள் தைத்தது, எறும்பு ஊர்ந்த மாதிரி. மறு பக்கம் அத்தையுடையது. பேனாவை எடுத்து, பர்ஸின் உள்மடிப்பில் இருவர் பெயரையும் எழுதினாள். அத்தையின் பெயரை முதலில் எழுதினாள்.

காட்பாடியில் நாங்கள் இறங்கினோம். அதே வண்டியில் அக்கா ஆம்பூருக்குப் போகவேண்டும். ஜன்னல் வழியாக, "அடுத்த ஞாயிறு வருகிறாயா, அத்தை?" என்று பெண் கேட்டாள்.

"எப்படியடி வருவது? நாளைக் காலையில் ஏஜெண்ட் வந்து நாற்பது ஜோடி கேட்பார். இன்னும் பதினெட்டு பாக்கி" என்றாள் அக்கா. வண்டி நகர்ந்துவிட்டது.