மக்லஸ்கிகஞ்ச்: நகராட்சியில்லாத ஊர்

பர்க்காக்கானாவிலிருந்து பர்வாடி நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், கலாரி நிலையத்தை அடுத்து மக்லஸ்கிகஞ்ச் என்றொரு பெயர்ப்பலகை தென்படும். ராஞ்சியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். நிலக்கரி வண்டிகளே மிகுதியாக ஓடும் பாதை அது. அடுத்துள்ள நிலையத்தின் பெயர் மகுவாமிலான். மகுவா என்பது நம் இலுப்பையின் இனம். சோட்டா நாகபுரிப் பீடபூமியின் இப்பகுதியில் அம்மரமும் சால மரமும் செழித்து வளர்கின்றன.

நகராட்சி, பேரூராட்சி எதுவும் இதற்கில்லை. கொங்கா, லாப்ரா, ஹெசாலாங் முதலிய சிற்றூர்களின் நிலப்பரப்பில் பரவிக் கிடக்கும் குடியிருப்பே இது. ஆகவே இதன் மக்கட்டொகை எவ்வளவு என்று வினவினால், எந்த எல்லைக்குள் எண்ணுவது என்ற கேள்வியே முதலில் எழும்.

கல்கத்தாவில் நில வணிகம் செய்த எர்னஸ்ட் திமோதி மக்லஸ்கி என்பார், ஆங்கிலோ இந்தியர்களுக்கென ஒரு தாயகம் வேண்டுமென்று எண்ணி, ராத்து மகாராஜாவிடம் சுமார் 10,000 ஏக்கர் நிலம் பெற்று, 1933-இல் இக்குடியேற்றத்தைத் தொடங்கினார். ஏறத்தாழ 300 குடும்பங்கள் வந்து ஓட்டு வீடுகள் கட்டிப் பழத்தோட்டங்கள் வைத்தன. மனிதரில்லாக் காட்டில் எழுந்த ஊர் என்று சிலர் எழுதுவது பொருந்தாது. ஒராவோன், முண்டா முதலிய பழங்குடியினர் அதற்கு முன்பே அங்கு வாழ்ந்தவர்கள், இன்றும் வாழ்பவர்கள்.

வந்தவர்களுள் இரயில்வே, தந்தி இலாகாக்களில் பணியாற்றியோர் பலர். பெரம்பூர், போத்தனூர் காலனிகளில் இச்சமூகத்தாருடன் பழகிய நம்மவர்க்கு இவர்களைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சிக்னலும் எஞ்சினும் அறிந்த கைகளுக்கு ஏர் எளிதில் வசப்படவில்லை. இளைஞர்க்கு அங்கே வேலையும் இல்லை. இரயில்வே, சுங்கம், அஞ்சல், தந்தி வேலைகளில் இவர்களுக்கிருந்த தனி ஒதுக்கீட்டையும் அரசியலமைப்பின் 336-ஆவது பிரிவு படிப்படியாகக் குறைத்துப் பத்தாண்டுகளில் முடித்துவிட்டது. 1947-க்குப் பின் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றனர். எஞ்சிய குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

எனினும் ஊர் பாழாகவில்லை. 1997-இல் டான் பாஸ்கோ அகாடமி என்னும் பள்ளி திறக்கப்பட்டதும் வெளியூர் மாணவர்கள் வந்தனர். பழைய பங்களாக்கள் சில அவர்களுக்கு விடுதிகளாயின. வீட்டுக்காரர்க்கு வருமானமும் வந்தது. மாநாடுகளும் மனுக்களும் செய்யாததை ஒரு பள்ளிக்கூட மணி செய்தது என்பது என் எண்ணம்.

அரசாங்கக் கணக்கில் ஓர் ஊர் நகரமாவதற்கு, உள்ளாட்சிச் சட்டம் தவிர வேறொரு வழியும் உண்டு. குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், உழைக்கும் ஆடவரில் முக்கால் பங்கினர் உழவல்லாத தொழிலில் இருத்தல் ஆகிய மூன்றும் அமைந்தால், நகராட்சி இல்லாவிடினும் அதனை மக்கட்கணக்கு நகரம் என்பர். 2001-இல் 1,362 ஆக இருந்த இத்தகைய ஊர்கள் 2011-இல் 3,894 ஆயின. கணக்கில் நகரமாயினும், தெருவிளக்கையும் சாக்கடையையும் கவனிப்பது பெரும்பாலும் கிராமப் பஞ்சாயத்தே. தொழிற்சாலைகளை ஒட்டிய இத்தகைய ஊர்களில் குடியிருக்கும் நம் குடும்பங்கள், குடிநீருக்கு எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்பதை வீடு பிடிக்கும் முன்பே விசாரித்துக்கொள்வது நலம்.