எல்லாம் அடக்கம்... ஊரைத் தவிர!



செமஸ்டர் லீவுல குடும்பத்தோட எங்கயாவது போற ஐடியா இருக்கா? அப்போ இந்த வாரக் கதை உங்களுக்குத்தான்.

ஒரகடத்துல வேலை பார்க்கிற எங்க அக்காவுக்கு முதல் போனஸ் வந்துச்சு. "அப்பா, அம்மாவைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறோம். மூணு நாள் அம்மா அடுப்புப் பக்கமே போகக் கூடாது"னு உத்தரவு போட்டுட்டா. புக்கிங் பொறுப்பு என் தலையில. மாமல்லபுரத்துல கடலை ஒட்டி ஒரு சின்ன ஹோட்டல். ரெண்டு ராத்திரி, மூணு நாள், 'ஆல் இன்க்ளூசிவ்'. மூணு வேளைச் சாப்பாடு, காபி, சாயங்கால பஜ்ஜி, நீச்சல் குளம்... எல்லாத்துக்கும் ஒரே பில்!

"எல்லாம் அடக்கம்மா"னு அம்மாவுக்கு விளக்கினேன். "அடக்கமா இருக்கறதுக்கு எதுக்குடா அவ்ளோ தூரம்? இங்கயே அப்படித்தானே இருக்கேன்!"னு ஒரே போடு.

சும்மா சொல்லலை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல, வேகவதி ஆத்தங்கரையில இருக்கிற திருப்பருத்திக்குன்றம்தான் எங்க ஊர். அப்பா பட்டு நெய்யறவர். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம்னு வர்ற கோர்வைச் சேலைக்கு மூணு நாடா வேணும். மறுகரை நாடாவைத் தள்ள பக்கத்துல இன்னொரு ஆள் வேணும். எங்க வீட்ல அந்த ஆள் அம்மா. ரெண்டு பேரும் கிளம்பினா தறி நிக்கும். தறி நின்னா கூலியும் நிக்கும். அதனால அப்பாவுக்கு இந்த டூர்ல ஹோட்டல் வாடகையோட மூணு நாள் கூலியும் சேர்ந்த கணக்கு!

இந்த 'ஆல் இன்க்ளூசிவ்' எங்கிருந்து வந்துச்சு? 1950-ல ஸ்பெயினோட மயோர்க்கா தீவுல, பெல்ஜியத்துக்காரர் ஜெரார் பிளிட்ஸ் கடற்கரையில கூடாரம் போட்டு ஆரம்பிச்ச 'கிளப் மெட்'தான் முன்னோடி. கரீபியன் பக்கம் ஜமைக்காவுல 1976-ல ஜான் ஈஸா இதே பாணியில ஒண்ணு தொடங்கினார். 1981-ல புட்ச் ஸ்டூவர்ட் 'சாண்டல்ஸ்' திறந்தார். அப்புறம் தீவுக்குத் தீவு பரவிடுச்சு. கூடவே ஒரு புகாரும் வளர்ந்துச்சு. 'எல்லாமே உள்ளே கிடைச்சா விருந்தாளி எதுக்கு வெளியே வருவார்? எங்க சாப்பாட்டுக் கடைக்கும் டாக்ஸிக்கும் கைவினைக் கடைக்கும் யார் வருவா?' உள்ளூர்க்காரங்க ரொம்ப காலமா கேட்கிற கேள்வி இது.

இதைப் படிச்சப்போ எனக்கு ஒண்ணும் உறைக்கலை. அப்பாதான் உறைக்க வெச்சார்.

முதல் நாள். அம்மா சாப்பிட்ட தட்டைக் கையில எடுத்துக்கிட்டுக் கழுவற இடத்தைத் தேட, சர்வர் தம்பி பதறிப்போய் வாங்கிக்கிட்டார். அப்பா லுங்கியோட நீச்சல் குளத்துல கால் வைக்க, "நீச்சல் டிரெஸ் வேணும் சார்"னு தடுத்துட்டாங்க. கடல்ல இறங்கலாம்னா அங்கே இழுப்பு பயங்கரம். கரீபியன் கடற்கரைப் படங்கள்ல வர்ற மாதிரி இடுப்பளவு அமைதித் தண்ணி கிடையாது. நின்னு கால் நனைச்சதோட சரி.

ரெண்டாம் நாள் காலையில டிபன் முடிஞ்சு பார்த்தா... அப்பாவைக் காணோம்! போனும் ரூம்லயே கிடக்கு. அக்கா கடற்கரைப் பக்கம் ஓட, நான் ரோட்டுப் பக்கம் ஓடினேன்.

உளிச் சத்தம் கேட்ட ஒரு சிற்பப் பட்டறையில உட்கார்ந்திருந்தார், கையில டீ கிளாஸோட. பக்கத்துல பாதி முடிஞ்ச ஒரு நந்தி. சிற்பியும் அவரும் பேசிக்கிட்டிருந்தது என்ன தெரியுமா? கூலி! "உங்களுக்கு உருப்படிக் கணக்கா, நாள் கணக்கா?" "முதுகு வலிக்கு என்ன பண்றீங்க?" "பசங்க இந்தத் தொழிலுக்கு வர்றாங்களா?" கடைசிக் கேள்விக்கு மட்டும் ரெண்டு பேரும் என்னைப் பார்த்தாங்க. நான் நந்தியைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது, "மதியச் சாப்பாட்டுக்கும் பணம் கட்டியாச்சுப்பா, வெளியே எதுக்குச் சுத்தறீங்க?"னு கொஞ்சம் கடுப்பாவே கேட்டேன்.

அப்பா நிதானமாச் சொன்னார்: "நம்ம ஊருக்கு டூர் பஸ் வருதுல்ல? கோயில் வாசல்ல இறக்கறான், பெரிய ஜவுளிக் கடை வாசல்ல இறக்கறான், ஏத்திக்கிட்டுப் போயிடறான். தறி இருக்கிற தெருவுக்கு ஒருத்தன் வர்றதில்லைனு இத்தனை வருஷமாத் திட்டறேன். இங்க வந்து நானும் காம்பவுண்டுக்குள்ளயே உட்கார்ந்தா, அந்த பஸ்காரனுக்கும் எனக்கும் என்னடா வித்தியாசம்?"

பதில் இல்லை பாஸ்!

காஞ்சியில கைலாசநாதர் கோயிலைக் கட்டின அதே ராஜசிம்மன் எழுப்பினதுதான் மாமல்லபுரம் கடற்கரைக் கோயில். அங்கே கல்லு, இங்கே பட்டு. காஞ்சிப் பட்டுக்கும் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு இருக்கு. ஆனா செய்யற கையைப் பார்க்காமலே ஊர் பார்த்துட்டுப் போறவங்கதான் ரெண்டு இடத்துலயும் அதிகம். அன்னிக்கு சாயங்காலம் நாங்க நாலு பேரும் ஊருக்குள்ள நடந்தோம். அம்மா ஒரு குட்டி மாக்கல் பிள்ளையார் வாங்கினாங்க, பேரம் பேசாம! "உளியில எத்தனை தட்டு தட்டியிருப்பாரு, அதுக்கு மேல என்ன கேட்கறது?"

அப்போ 'ஆல் இன்க்ளூசிவ்' வேஸ்ட்டா? அவசரப்படாதீங்க. மூணாம் நாள் காலையில அம்மா சாய்ஞ்சு உட்கார்ந்து, கடலைப் பார்த்துக்கிட்டே, "தம்பி, இன்னொரு காபி"னு கேட்டாங்க. என் இருபது வயசுல அம்மா அப்படி யார்கிட்டயும் கேட்டு நான் பார்த்ததில்லை. அக்காவோட போனஸ் அந்த ஒரு காபிக்கே சரியாப் போச்சு!

புக் பண்றதுக்கு முன்னாடி நோட் பண்ணிக்கோங்க: ஈ.பி.னா ரூம் மட்டும். சி.பி.னா காலை டிபனும் சேர்த்து. எம்.ஏ.பி.னா டிபனோட இன்னொரு வேளை. ஏ.பி.னா மூணு வேளையும். அதுக்கு மேலதான் ஆல் இன்க்ளூசிவ். அதுலயும் ரூம் ஃப்ரிட்ஜ்ல இருக்கிற ஜூஸ் சேருமா, வரி சேருமானு கேட்டுடுங்க. நாங்க கேட்கலை... கிளம்பும்போது தனியா ஒரு பில் வந்துச்சு!

அடுத்த தடவை ஃபேமிலியோட போனா எங்க திட்டம் இதுதான்: அம்மாவுக்காக டிபனும் ராத்திரிச் சாப்பாடும் ஹோட்டல்ல. மதியம் அப்பாவுக்காக ஊருக்குள்ள!

காஞ்சிபுரம் வந்தா பஸ்ஸை விட்டு இறங்கி எங்க ஊர்ப் பக்கமும் வாங்க. திரைலோக்கியநாதர் சமணக் கோயில்ல 1387-ல இருகப்பர் கட்டின சங்கீத மண்டபம் இருக்கு. தலையை அண்ணாந்தா விதானம் முழுக்கத் தீர்த்தங்கரர் கதை ஓவியங்கள். பார்த்துட்டு அப்படியே தறிச் சத்தம் கேட்கிற பக்கம் நடங்க.

டீ எங்க அப்பா வாங்கித் தருவார். அது அடக்கம்!