ஜெர்மனி: கடையில் மட்டும் விளையும் இயற்கை விவசாயம்

ஐரோப்பாவிலேயே இயற்கை உணவுப் பொருட்களுக்கு மிகப் பெரிய சந்தை ஜெர்மனி. அங்கே எந்த சூப்பர்மார்க்கெட்டுக்குள் நுழைந்தாலும் பால், முட்டை, ரொட்டி, காரட், காபி என்று எல்லா அலமாரியிலும் 'பயோ' என்ற சொல் கண்ணில் படும். இதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், ஜெர்மனி ரசாயன உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் விடை கொடுத்துவிட்டது என்று வியந்து எழுதுகிறார்கள். மாறியிருப்பது கடை. வயல் இன்னும் மாறவில்லை.

கணக்கைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டில் ஜெர்மானியர்கள் இயற்கை உணவுக்குச் செலவழித்தது சுமார் 200 கோடி யூரோ. 2024இல் அது சுமார் 1,700 கோடி யூரோ. எட்டு மடங்குக்கும் மேல். இதே காலத்தில் இயற்கை முறையில் பயிரிடப்படும் நிலத்தின் பங்கு சுமார் 3 சதவீதத்திலிருந்து 11 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கிறது. நான்கு மடங்குகூட இல்லை. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும், விற்பனை ஓடிய வேகத்துக்கு வயல் ஓடவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவது இறக்குமதி. பயோ தக்காளியும் குடைமிளகாயும் பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் வருகின்றன. விற்ற பணமும் வாங்கிய மனநிறைவும் ஜெர்மனியில். விளைந்த மண் வேறு எங்கோ.

வாக்குறுதிகளின் வரலாறு

இத்தனைக்கும் இந்தச் சிந்தனை ஜெர்மன் மொழி பேசும் உலகில் நூறு ஆண்டுப் பழையது. 1924இல் ருடால்ஃப் ஸ்டெய்னர் கோபர்விட்ஸ் என்ற ஊரில் (இன்று அது போலந்தில் இருக்கிறது) விவசாயிகளுக்குத் தொடர் சொற்பொழிவு நிகழ்த்தினார். அதிலிருந்துதான் 'டெமெட்டர்' முத்திரை பிறந்தது. அவர் சொன்னவற்றில் கிரகம், நட்சத்திரம் எல்லாம் கலந்திருந்தன. அவற்றை நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 1971இல் தொடங்கிய பயோலாண்ட் சங்கமும் 1982இல் தொடங்கிய நாடுர்லாண்ட் சங்கமும் நட்சத்திரங்களை விட்டுவிட்டு மண்ணைப் பிடித்துக்கொண்டன. பயிர்ச் சுழற்சி, தொழு உரம், மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும் பயறு வகைச் செடிகள் என்று நடைமுறை விவசாயமாக இது வளர்ந்தது.

அரசு விழித்துக்கொண்டது மாடுகள் விழுந்தபோது. 2000 நவம்பரில், 'மேட் கௌ' என்று பத்திரிகைகள் எழுதிய மாட்டு மூளை நோய், ஜெர்மனியிலேயே பிறந்த ஒரு பசுவிடம் முதன்முறையாக உறுதிசெய்யப்பட்டது. 2001 ஜனவரியில் விவசாய அமைச்சர், சுகாதார அமைச்சர் இருவரும் பதவி விலகினார்கள். பசுமைக் கட்சியின் ரெனாட்டே க்யூனாஸ்ட் விவசாயத்தையும் நுகர்வோர் பாதுகாப்பையும் சேர்த்து ஏற்றார். பத்து ஆண்டுகளில் 20 சதவீத நிலம் இயற்கை விவசாயத்துக்கு மாறும் என்றார். 2001 செப்டம்பரில் அறுகோண வடிவ 'பயோ' அரசு முத்திரையும் வந்தது.

2010 வந்தது. கிடைத்தது 20 அல்ல, 6 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. வெட்கப்பட்டார்களா? இல்லை, தேதியை மாற்றினார்கள். 20 சதவீதத்துக்கான கெடு 2030 என்று தள்ளிப்போனது. 2021இல் வந்த கூட்டணி அரசு இன்னும் தாராளமாக, 2030க்குள் 30 சதவீதம் என்று எழுதிக்கொண்டது. 2024 நவம்பரில் அந்தக் கூட்டணியே உடைந்தது. இலக்கு காகிதத்தில் வளர்ந்த வேகத்தில் வயலில் வளர்ந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

பிள்ளையையும் கிள்ளி, தொட்டிலையும் ஆட்டி

ஏன் வளரவில்லை? மக்கள் வாங்கவில்லை என்பது சோம்பேறித்தனமான பதில். விற்பனைக் கணக்கே அதைப் பொய்யாக்குகிறது. உண்மையான காரணங்களில் ஒன்று, அரசே ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கியது.

20 சதவீத இலக்கை அறிவித்த அதே சிவப்பு–பசுமைக் கூட்டணி, 2004இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்தைத் திருத்தி, வயலில் விளையும் பயிரைக் கொண்டு எரிவாயு தயாரித்து மின்சாரம் எடுப்பவர்களுக்குத் தனி ஊக்கத்தொகை கொடுத்தது. சுமார் 2,000 ஆக இருந்த எரிவாயு நிலையங்கள் 2010இல் கிட்டத்தட்ட 6,000 ஆயின. அவற்றுக்குத் தீனி மக்காச்சோளம். இருபது ஆண்டுக்கு நிச்சயமான மின்கட்டணம் கையில் இருப்பவர், நிலத்துக்கு எவ்வளவு குத்தகையும் கொடுப்பார். பக்கத்து வயலில் கோதுமையும் குளோவரும் மாற்றி மாற்றி விதைக்கும் இயற்கை விவசாயி அந்தக் குத்தகையோடு எப்படிப் போட்டி போடுவார்? 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது' என்பது நம் ஊருக்கு மட்டும் உரிய பழமொழி அல்ல. பசுமை மின்சாரம் பசுமை விவசாயத்தின் காலடி நிலத்தைப் பிடுங்கியது. இரண்டையும் கொண்டுவந்தது ஒரே அரசு.

இதோடு மானியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து ஜெர்மனிக்கு விவசாயத்துக்காக ஆண்டுதோறும் சுமார் 600 கோடி யூரோ வருகிறது. அதில் பெரும்பகுதி நிலத்தின் பரப்பைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. அதிக நிலம் இருந்தால் அதிகப் பணம். அந்த நிலத்தில் என்ன செய்கிறார் என்பது அடுத்த கேள்விதான்.

மாற நினைக்கும் விவசாயிக்கு இன்னொரு தடையும் உண்டு. உரத்தை நிறுத்திய அன்றே விளைச்சல் இறங்கும். ஆனால் விதைப்பயிர்களுக்கு இரண்டு ஆண்டும், பழத்தோட்டத்துக்கு மூன்று ஆண்டும் கழிந்த பிறகே 'பயோ' என்று விற்கலாம். இடைப்பட்ட காலத்தில் இயற்கை விவசாயத்தின் செலவு, ரசாயன விவசாயத்தின் விலை. மாறுவதற்கென்று அரசு உதவித்தொகை இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு பல ஆண்டுகளுக்கு நல்ல விலை நிலைக்கும் என்ற உறுதியை யாரும் தருவதில்லை. 2022இல் விலைவாசி ஏறியபோது என்ன நடந்தது? இயற்கை உணவு விற்பனை சரிந்தது. தனிப்பட்ட இயற்கை அங்காடிகள் தடுமாறின. மலிவு விலைச் சங்கிலிக் கடைகளின் சொந்த பயோ சரக்கு இன்னும் அதிகமாக விற்றது. பயோலாண்ட் சங்கம் 2018இல் லிடில் கடையோடு ஒப்பந்தம் செய்தபோதே அதன் ஆதரவாளர்களில் பலர் அதிர்ந்தார்கள். கூடுதல் மக்களிடம் போய்ச் சேரும் என்பது உண்மை. ஆனால் பாலின் விலையைப் பேரம் பேசி அடித்து வளர்ந்த கடைகள், பயோ என்ற சொல்லைக் கேட்டதும் கருணை காட்டும் என்று நம்புவதற்கு மிகுந்த அப்பாவித்தனம் வேண்டும்.

'உலகம் பட்டினி கிடக்கும்' என்பவர்களுக்கு

இயற்கை விவசாயத்தை எதிர்ப்பவர்களிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஜெர்மனியில் ரசாயன முறையில் ஒரு ஹெக்டேருக்கு ஏழெட்டு டன் கோதுமை விளைகிறது. இயற்கை முறையில் ஏறத்தாழ அதில் பாதி. நாடு முழுவதும் மாறினால் பற்றாக்குறை வராதா?

இன்று சாப்பிடுவது போலவே சாப்பிட்டால் வரும். ஆனால் ஜெர்மனியின் விளைநிலம் இன்று என்ன செய்கிறது? சுமார் 60 சதவீதம் கால்நடைத் தீவனத்துக்குப் போகிறது. ஏழில் ஒரு பங்கு எரிசக்திப் பயிருக்குப் போகிறது. மனிதர் நேரடியாக உண்பதற்கு விளைவது ஐந்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். அதற்கு மேல் ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 10 லட்சம் டன் உணவு குப்பைக்குப் போகிறது. மக்காச்சோளத்தை எரிவாயுத் தொட்டியில் கொட்டும்போது எழாத 'உலகப் பசி' என்ற கேள்வி, ஒரு விவசாயி உர மூட்டையைக் கைவிடும்போது மட்டும் ஏன் எழுகிறது?

அதே சமயம் இயற்கை விவசாயத்தின் ஆதரவாளர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இறைச்சியைக் குறைக்காமல் இந்தக் கணக்கு சரிவராது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். அவருக்குப் பயோ தொத்திறைச்சியும் விற்க வேண்டும்.

தண்ணீர் சொல்லும் சாட்சி

'மலிவான' உணவு உண்மையில் மலிவானதா? அளவுக்கு மிஞ்சிய உரமும் பண்ணைக் கழிவும் நிலத்தடி நீரில் நைட்ரேட்டாக இறங்குகின்றன. 2018 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம், இதைத் தடுக்க ஜெர்மனி போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகுதான், 2020இல், உர விதிகள் இறுகின. இதற்கு முந்தைய ஆண்டான 2017இல் வெளியான க்ரெஃபெல்டு ஆய்வு, பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலேயே பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 27 ஆண்டுகளில் 75 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருப்பதாகச் சொன்னது. நைட்ரேட்டை நீக்கும் செலவு குடிநீர்க் கட்டணத்தில் வருகிறது. ஆக, பயோ வாங்குகிறவர் இரண்டு முறை பணம் கட்டுகிறார்: ஒன்று கடையில், இன்னொன்று மற்றவர் அழுக்காக்கிய தண்ணீருக்கு.

இதற்கு மாற்று இல்லையா என்றால், ஜெர்மனிக்குள்ளேயே இருக்கிறது. மியூனிக் நகருக்குக் குடிநீர் தரும் மாங்ஃபால் பள்ளத்தாக்கில் நைட்ரேட் ஏறத் தொடங்கியபோது, நகரக் குடிநீர் நிறுவனம் சுத்திகரிப்பு ஆலை கட்டவில்லை. 1992 முதல் அங்குள்ள விவசாயிகளுக்கு ஹெக்டேர் கணக்கில் பணம் கொடுத்து இயற்கை முறைக்கு மாறச் சொன்னது. நூற்றுக்கும் மேற்பட்ட பண்ணைகள் மாறின. நைட்ரேட் இறங்கியது. இதற்கான செலவு ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு ஒரு சென்ட்டுக்கும் குறைவு. இங்கே வாடிக்கையாளரின் மனசாட்சியை யாரும் கெஞ்சவில்லை. ஒரு பொது நிறுவனம் விவசாயிக்கு நிலையான வருமானம் தந்தது, அவ்வளவுதான்.

எல்லைக்கு அப்பால் பார்த்தாலும் இதே பாடம்தான். ஆஸ்திரியாவில் நிலத்தின் கால் பங்குக்கும் மேல் இயற்கை விவசாயம். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரம் பள்ளி, முதியோர் இல்லம் போன்ற பொதுச் சமையலறைகளில் 90 சதவீதம் இயற்கைப் பொருள் என்ற இலக்கை வைத்து ஏறக்குறைய எட்டியது. சமையல்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, இறைச்சியையும் வீணடிப்பையும் குறைத்து, அந்தச் செலவைச் சமாளித்தார்கள். தினமும் பல்லாயிரம் தட்டுச் சோறு நிச்சயமாக வாங்கப்படும் என்று தெரிந்தால் எந்த விவசாயி மாறத் தயங்குவார்? ஜெர்மனியின் அலுவலக உணவகங்களிலும் மருத்துவமனைகளிலும் பயோ இன்னும் அரிதான விருந்தாளி.

தராசில் அல்ல, வாக்குப்பெட்டியில்

'எல்லாம் நுகர்வோர் கையில்' என்று ஜெர்மன் அரசியல்வாதிகள் திரும்பத் திரும்பச் சொல்வது தப்பித்துக்கொள்ளும் வழி. குறைந்த ஓய்வூதியத்தில் வாழும் ஒரு மூதாட்டி மலிவான முட்டையை எடுப்பதால்தான் தேனீக்கள் சாகின்றன என்று சொல்வது அநியாயம். வாங்கும் சக்தியைப் பார்த்து மனசாட்சியை அளக்கக் கூடாது. 2019இல் பவேரியாவில் தேனீக்களைக் காப்பாற்றக் கோரி நடந்த மக்கள் மனுவில் இரண்டே வாரத்தில் 17 லட்சத்துக்கும் அதிகமானோர் அரசு அலுவலகங்களுக்கு நேரில் சென்று கையெழுத்திட்டார்கள். 2030க்குள் 30 சதவீத இயற்கை விவசாயம் என்பது அந்தக் கோரிக்கையில் ஒன்று. மாநில அரசு அதை ஏற்றுச் சட்டமாக்க வேண்டியதாயிற்று. கையெழுத்திட்டவர்கள் எல்லோரும் பயோ கடையின் வாடிக்கையாளர்களாக இருந்திருக்க முடியாது. பர்ஸ் மெலிந்திருந்தாலும் குடிமக்களாக அவர்களுக்குத் தெளிவான கருத்து இருந்தது.

எனவே செய்ய வேண்டியது என்ன என்பதில் மர்மம் ஏதும் இல்லை. நிலத்தின் அளவுக்குத் தரும் பணத்தை, நிலத்தைக் காப்பதற்குத் தர வேண்டும். தண்ணீரைக் கெடுப்பவரே அதைச் சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும். அரசு நடத்தும் ஒவ்வொரு சமையலறையும் பக்கத்து ஊர் இயற்கை விவசாயியிடம் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தம் போட்டு வாங்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் 30 சதவீதம் என்று பேசுவது, விதைக்காத வயலில் அறுவடைக்கு நாள் குறிப்பது போலத்தான்.

அறுகோண முத்திரையை ஒட்டுவது சுலபம். அந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு வயல் இருக்கிறதா, அந்த வயலில் ஒரு விவசாயி நிம்மதியாக இருக்கிறாரா என்பதே கேள்வி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஜெர்மன் அரசுகள் அதற்குப் பதில் சொல்லாமல், வாடிக்கையாளரின் கூடையைக் காட்டிக்கொண்டிருக்கின்றன.