திரையில் எழும் நகரும் தரையில் எழும் நகரும்

நகரமைத்தல் மாந்தர் கண்ட பழங்கலைகளுள் ஒன்று. சிலப்பதிகாரம் புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாக்கிக் காட்டுகின்றது. கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்தில் வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்தனர். பட்டினப்பாக்கத்தில் அரசனின் கோயிலும் பெருங்குடியினரின் மாளிகைகளும் விளங்கின. இடையே நாளங்காடி கூடிற்று. மதுரையில் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி எனத் திங்கள்களின் பெயர் பூண்ட வீதிகள், திருக்கோயிலை நடுவாகக் கொண்டு ஒன்றையொன்று சூழ்ந்திருத்தலை இன்றும் காணலாம்.

இக்கலையை இக்காலத்து இளைஞர் கணிப்பொறித் திரையில் விளையாட்டாகப் பயில்கின்றனர். வில் ரைட் என்னும் அமெரிக்கர், முன்னர்த் தாம் செய்த போர் ஆட்டம் ஒன்றிற்காகத் தீவுகளை வரைந்துவந்தார். அத்தீவுகளைக் குண்டு வீசி அழிப்பதினும், அவற்றில் சாலையும் கட்டடமும் அமைப்பதே தமக்கு மிக்க இன்பம் தருவதை உணர்ந்தார். அவ்வுணர்விற் பிறந்ததே 1989 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சிம்சிட்டி’ என்னும் ஆட்டம். வென்றவர் இவர், தோற்றவர் இவர் என்னும் முடிவு இல்லாத ஆட்டத்தை வெளியிடப் பதிப்பாளர் முதலில் தயங்கினர். நகரங்களின் வளர்ச்சியையும் தளர்ச்சியையும் கணக்கின் வழியே ஆராய்ந்து ஜே ஃபாரெஸ்டர் 1969 இல் வெளியிட்ட நூல், ரைட்டுக்குப் பெருந்துணையாயிற்று. அவ்வழியில் பின்லாந்து நாட்டினர் ஆக்கிய ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ 2015 இல் வெளிவந்தது.

இவ்வாட்டங்களை வீண்பொழுதுபோக்கு என்று கடிந்துரைப்பார் பலர். யான் அவ்வாறு கருதவில்லை. ஆடுவோன் குடியிருப்புக்கு ஓரிடமும், கடைகளுக்கு ஓரிடமும், தொழிற்சாலைகளுக்கு ஓரிடமும் வகுக்கின்றான். சாலையின்றேல் அங்குக் குடியேறுவார் இலர். மின்னும் நீரும் வாராவிடின் வந்தவரும் நீங்குவர். வரியை மிகுத்தால் மக்கள் வெறுப்பர். குறைத்தால் கருவூலம் வற்றும். ஒன்றைத் தொட்டால் ஒன்பது அசையும் என்னும் இவ்வுண்மையை ஒரு மாணவன் விளையாட்டின் வாயிலாக உணர்வானாயின், அது நல்ல கல்வியே ஆகும்.

எனினும், அவ்வாட்டம் கற்பியாத பாடமும் உண்டு. அங்கு நகரம் பெரும்பாலும் வெற்று நிலத்திலேயே தொடங்குகின்றது. மலையும் ஆறும் மரமும் இருக்கும். முன்னரே வாழ்ந்த மக்கள் இரார். நம் நாட்டிலோ அத்தகைய வெற்று நிலம் யாண்டு உளது?

செங்கற்பட்டை எண்ணிப் பாருங்கள். செங்கழுநீர்ப்பட்டு என்பதே செங்கல்பட்டு எனத் திரிந்தது என்பர். நீர்ப்பூவின் பெயர் பெற்ற ஊர் அது. இன்றும் புகைவண்டியிற் செல்வோர் கண்ணுக்குக் கொளவாய் ஏரி விருந்தாகின்றது. ஏரிகள் மலிந்த இந்நாட்டில் முன்னோர் அவற்றைச் சங்கிலிபோல் கோத்து வைத்தனர். மேலுள்ள ஏரி நிறைந்ததும் மிகுநீர் கலங்கல் வழியே வழிந்து கீழுள்ள ஏரியைச் சேரும். மதகின் வழியே வரும் நீர் வயலுக்குப் பாயும். கோடையில் ஏரியின் உட்பரப்பு வறண்ட புல்வெளியாகத் தோன்றும். அதனை வெற்றிடம் என்று எண்ணுதல் பேதைமை. அது, மழைக்காலத்தில் நீர் வந்து தங்கும் வீடு.

நீரின் வீட்டில் நாம் குடியேறினால், நம் வீட்டில் நீர் குடியேறும். 2015 ஆம் ஆண்டு டிசம்பரில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. தெருக்களில் மக்களைப் படகேற்றி மீட்க நேர்ந்தது. அவ்வாண்டு மழை மிகப் பெரிது என்பது உண்மையே. ஆயினும், நீர் செல்லும் வழிகள் குறுகியிருந்தமையும் துன்பத்தை மிகுவித்தது.

மாமல்லபுரக் கடற்கரையையும் நோக்குக. புதியவர் கண்ணுக்கு அது வெறும் மணற்பரப்பு. மீனவர்க்கோ அது படகு ஏற்றும் துறை. வலை உலர்த்தும் முற்றம். கருவாடு காயும் களம். அங்கு ஒரு மாளிகையை வரைவோர், பல குடும்பங்களின் பிழைப்பின்மீது கோடு கிழிக்கின்றனர்.

புதுநகர் அமைத்தல் ஆகாது என்பது என் கருத்தன்று. மக்கள் பெருகப் பெருக நகர்களும் பெருகவே வேண்டும். சென்னையின் நெருக்கத்தைக் குறைக்கும் பொருட்டு 1980 ஆம் ஆண்டளவில், தனித்தமிழ் வளர்த்த மறைமலையடிகளின் பெயரால் மறைமலைநகர் அமைக்கப்பட்டது. 1990களின் இறுதியில் அங்கு ஃபோர்டு நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. அதனை நம்பிப் பலர் வாழ்ந்தனர். 2022 இல் அங்குக் கார் உற்பத்தி நின்றது. திரையிலும் தொழிற்சாலை மூடப்படுவது உண்டு. ஆங்கு ஒரு கட்டடம் ஒளி இழக்கும். ஆடுவோன் வேறொன்றைக் கட்டுவான். தரையிலோ வேலை இழந்தவனின் வீட்டில் அடுப்பும், பிள்ளைகளின் படிப்பும் தடுமாறும்.

திரை நகருக்கும் தரை நகருக்கும் உள்ள பெரிய வேறுபாடு மற்றொன்றும் உண்டு. ஆட்டத்தில் பிழை நேரின், முன்பு சேமித்து வைத்த நிலைக்கு மீளலாம். அல்லது அனைத்தையும் அழித்துப் புதிதாய்த் தொடங்கலாம். மாமல்லபுரத்துச் சிற்பிக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவன் பாறையைக் குடைந்து கோயில் கண்டவன். உளி தவறிச் சிதறிய கல் மீண்டும் பாறையில் ஒட்டாது. ஆதலின் அவன் முதலில் பாறையை நன்கு ஆய்ந்து, பின்னரே உளி எடுத்தான். முற்றுப்பெறாது நிற்கும் பிடாரி இரதங்கள், தொடங்கிய பணிகள் அனைத்தும் முடிவதில்லை என்பதையும் நமக்கு உணர்த்துகின்றன. 1957 இல் அங்குத் தொடங்கப்பெற்ற அரசினர் கல்லூரியில் கட்டடமும் சிற்பமும் பயிலும் மாணவர்க்கும் கல் கற்பிக்கும் முதற்பாடம் பொறுமையே. நிலமும் கல்லைப் போன்றதே. ஏரியைத் தூர்ப்பதற்குச் சில நாள்கள் போதும். தூர்ந்த ஏரியை மீட்பதற்கு ஒரு தலைமுறையும் போதாது.

மாணவர்களே! நீவிர் திரையில் நகரம் அமைத்து மகிழ்க. அதனோடு, விடுமுறை நாளில் உம் ஊர் ஏரியின் வரத்துக்காலிலிருந்து கலங்கல்வரை ஒருமுறை நடந்து செல்க. நீர் எவ்வழி வருகின்றது, எவ்வழி போகின்றது என முதியோரைக் கேட்டு அறிக. நாளை உம்முள் சிலர் பொறியாளராவர். சிலர் ஆட்சிப் பொறுப்பு ஏற்பர். பலர் மனை வாங்கி வீடு கட்டுவர். அன்று நிலத்தின்மீது கோடு இழுக்கும் முன், “இந்நிலம் யாருடைய வீடு?” என்று கேளுங்கள். அவ்வினாவைக் கேட்கும் நெஞ்சம் உடையவரே நல்ல நகரை அமைக்க வல்லவர்.