கையெழுத்து இருந்தால் சம்மதம் ஆகிவிடுமா?

1917-ம் ஆண்டில் சென்னை ஐகோர்ட்டு ஒரு விசித்திரமான வழக்கில் தீர்ப்பு வழங்கியது.

மனைவியும் மகனும் தங்களுக்கு உரியது என்று சொல்லி வந்த சொத்து ஒன்று. அதைத் தம் சகோதரருக்கு விட்டுக்கொடுக்கும்படி குடும்பத் தலைவர் வற்புறுத்தினார். "விடுதலைப் பத்திரம் எழுதித் தராவிட்டால் தற்கொலை செய்துகொள்வேன்" என்று மிரட்டினார். இருவரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அவர் அழிப்பதாகச் சொன்னது தம் உயிரைத்தானே, இதில் பலவந்தம் எங்கே வந்தது என்று கேட்கத் தோன்றும். பெரும்பான்மை நீதிபதிகள் அப்படி நினைக்கவில்லை. அதுவும் பலவந்தம்தான் என்றார்கள். பத்திரம் மனைவியையும் மகனையும் கட்டுப்படுத்தவில்லை.

அதற்கு முன்பே, 1889-ல், இன்னொரு வழக்கு. 13 வயதுச் சிறுமி விதவையானாள். ஒரு பையனைச் சுவீகாரம் எடுத்தால்தான் கணவனின் பிணத்தை எடுக்க விடுவோம் என்று உறவினர்கள் தடுத்தார்கள். அவள் இணங்கினாள். அந்தச் சுவீகாரம் செல்லாது என்றது அதே ஐகோர்ட்டு.

ஐந்து கேடுகள்

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், சம்மதம் சுதந்திரமானதாக இருக்க வேண்டும் என்கிறது. அதைக் கெடுப்பவை ஐந்து.

மிரட்டி வாங்குவது பலவந்தம். கடன் கொடுத்தவர், வைத்தியர், வீட்டுப் பெரியவர் போன்றோர் தங்கள் பிடியில் இருப்பவரை வளைத்து, நியாயமற்ற ஆதாயம் அடைவது தகாத செல்வாக்கு. தெரிந்தே பொய் சொல்லி ஏமாற்றுவது மோசடி. உண்மை என்று நம்பியே தவறாகச் சொல்லிவிடுவது தவறான தகவல். இந்த நான்கிலும் பாதிக்கப்பட்டவர் விரும்பினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம்.

ஐந்தாவது, இரு தரப்பாரும் செய்யும் தவறு. விலை பேசும்போதே மாடு இறந்துபோய்விட்டது. வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. அந்த ஒப்பந்தம் அடியோடு செல்லாது.

சும்மா இருந்தால்?

சட்டம் கைகொடுக்கும். ஆனால் தூங்குகிறவரை எழுப்பிக் கைகொடுக்காது. உண்மை தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள், பத்திரத்தை ரத்து செய்யக் கோரி வழக்குப் போட வேண்டும். கொஞ்சம் விசாரித்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால், தவறான தகவலைக் காட்டித் தப்பவும் முடியாது. "படிக்காமல் போட்டுவிட்டேன்" என்ற ஒரு சொல் மட்டும் கோர்ட்டில் போதாது.

ஆகவே, பத்திரம் எதுவானாலும் முழுவதும் படிக்க வேண்டும். படிக்க வராதவர், தமக்கு நம்பிக்கையான ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எழுதி வாங்குபவரின் ஆளே படித்துச் சொன்னால் போதாது. வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவே கூடாது. "இன்றைக்கே போடு" என்று எவராவது அவசரப்படுத்தினால், அன்றைக்குப் போடாமல் இருப்பதே நல்லது.

சந்தேகம் வந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அங்கே சட்ட உதவி இலவசம்.

குடும்பத்துக்குள் கேள்வி கேட்டால் மனஸ்தாபம் வருமே என்று பலர் வாய் மூடி இருக்கிறார்கள். கேள்வியால் வரும் மனஸ்தாபம் நாலு நாளில் ஆறும். கேட்காமல் போட்ட கையெழுத்து வீட்டையே கொண்டுபோகும்.

பேனாவைத் திறக்கும் முன்பு வாயைத் திறக்க வேண்டும்.