நாடா சொன்ன சேதி

புடவை நமக்கு நல்ல தோழி. எவ்வளவு பெருத்தாலும் ஒரு கொசுவத்தைக் குறைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். என்னைக் காட்டிக் கொடுத்தது உள்பாவாடை நாடாதான்! முடிச்சுக்குப் பிறகு ஒரு சாண் தொங்கிய நாடா, போகப் போக முடிச்சுக்கே எட்டவில்லை. சலவையில் சுருங்கிவிட்டது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

போன வருஷம் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. வளையல் போட்டுவிடத் தரையில் உட்கார்ந்தவள், எழுந்திருக்க முடியாமல் தவித்தேன். இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கினார்கள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன். என் அம்மாவுக்கு 48 வயதில் சர்க்கரை வியாதி வந்தது. பின்னால் காலில் இரண்டு விரல்களை எடுக்கும்படி ஆயிற்று. எனக்கோ இப்போதே 46!

மறுநாளே ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். வெறும் வயிற்றில் 114. "100க்குக் கீழே இருக்கணும்மா. 126ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நீங்க நடுவிலே நிக்கிறீங்க, திரும்பி வர வழி இருக்கு" என்றார் டாக்டரம்மா. நாடாவால் என் இடுப்பை அளந்தார். 37 அங்குலம். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள், அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டுமாம்.

"நாள் பூரா வேலைதானே டாக்டர் செய்யறேன்?" என்றேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் வெட்கமாக இருந்தது. அம்மா உரலில் ஆட்டினாள், கிணற்றில் நீர் இறைத்தாள். எனக்கு கிரைண்டர், வாஷிங் மெஷின், திறந்தால் தண்ணீர். நான் நின்றுகொண்டிருந்தேனே தவிர, நடக்கவில்லை!

சாப்பாட்டுக் கணக்கு இன்னும் மோசம். நாலு வேளை காபி, வேளைக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் 40 கிராம். 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். போதாததற்கு, பிள்ளைகள் மிச்சம் வைத்த தோசை, தயிர்சாதம் எல்லாம் என் வயிற்றுக்குத்தான்.

பட்டினி கிடக்கலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றுவிட்டார். வயது ஏற ஏறத் தசை தானாகவே குறையும். மாதவிலக்கு நிற்கும் சமயத்தில் கொழுப்பு வயிற்றில் வந்து சேரும். பட்டினி கிடந்தால் இருக்கிற தசையும் கரையுமாம்.

நான் செய்தது இவ்வளவுதான். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி வேக நடை. வாரத்தில் மூன்று நாள், கையை ஊன்றாமல் நாற்காலியில் பத்துத் தடவை உட்கார்ந்து எழுவது. காபி இரண்டு வேளை, அரை ஸ்பூன் சர்க்கரை. சாதத்தில் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் சுண்டலோ பயறோ முட்டையோ. பிள்ளைகளுக்கு முதலில் கொஞ்சமாகப் பரிமாறி, கேட்டால் மறுபடி போடுவது. (மூட்டுவலி உள்ளவர்களும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.)

பத்து மாதத்தில் 5 கிலோ குறைந்தது, இடுப்பு 34. சர்க்கரை 98. இன்னும் இரண்டரை அங்குலம் பாக்கி இருக்கிறது. ஆனால் இந்த மார்கழியில் வாசலில் உட்கார்ந்து கோலம் போட்டுவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் எழுந்தேன்.

கைக்குழந்தையோடு இருக்கும் தங்கைகளே, 46 வரை காத்திருக்காதீர்கள். நாளைக் காலை முடிச்சுப் போடும்போது நாடா எவ்வளவு மிச்சம் என்று ஒரு தடவை பாருங்கள். அது பொய் சொல்லாது!